கடல் செதுக்கும் கரையோரமாக ஒரு தனிப் பயணம்

கடலோரமாக ஒரு நெடுஞ்சாலை. அதில் ஒரு கார். காருக்குள் ஒரே ஒருவர். இப்படி ஒரு பயணம் வாய்க்காதா என்று ஏங்காதவர் அரிது. அத்தகைய பயணத்துக்கென்றே உலகில் பெயர் பெற்ற சாலைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள 'கிரேட் ஓஷன் ரோடு'. தமிழில் இதனைப் 'பெருங்கடல் சாலை' எனலாம். வாருங்கள், இக்கட்டுரையின் வாயிலாக அச்சாலையில் தனியே சென்று வருவோம். கையில் ஒரு கடிகாரமும், பள்ளியில் படித்த இயற்பியலும் இருந்தால் போதும்.

கூட்டமாகச் செல்பவருக்குப் பேச்சிலேயே பொழுது போய்விடும். தனியே செல்பவர் பார்க்கிறார், கேட்கிறார், எண்ணுகிறார். ஆனால் அவருக்கு ஒரு குறையும் உண்டு. ஆபத்தான இடத்தில் கையைப் பிடித்து இழுத்து, 'அங்கே போகாதே' என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே கடலின் இயல்பை அவர் தாமே அறிந்திருக்க வேண்டும். இந்தச் சாலையின் அழகு முழுவதும் அலையின் வேலை. ஆபத்தும் அதே அலையின் வேலைதான். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

சாலை பிறந்த கதை

மெல்போர்ன் நகருக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் டார்க்கி என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கே தொடங்கும் சாலை, வார்னம்பூல் நகருக்கு அருகிலுள்ள ஆலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 240 கி.மீ. செல்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 படைவீரர்கள் 1919-இல் இதனை வெட்டத் தொடங்கினர். கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி ஆகியவையே அவர்களுடைய கருவிகள். செங்குத்தான மலைச்சரிவில், கீழே கடல் இரைந்துகொண்டிருக்க, அங்குலம் அங்குலமாகப் பாறையைக் குடைந்து 1932-இல் பணியை முடித்தனர். போரில் மாண்ட தம் தோழர்களுக்கு இச்சாலையையே நினைவுச் சின்னமாக அவர்கள் அளித்தனர். முதலில் இதில் சுங்கம் வசூலிக்கப்பட்டது. 1936-இல் அது நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்ல வேண்டும். டார்க்கியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் கடல் இடப்புறம் இருக்கும். அதாவது உங்களுக்கும் கடலுக்கும் இடையே எதிர்வண்டி எதுவும் வராது. இன்னொரு நன்மையும் உண்டு. தென் அரைக்கோளத்தில் அந்த அகலாங்கில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கு வானிலேயே இருக்கும். தெற்கே கடலைப் பார்ப்பவருக்குச் சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் நீரின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்வதில்லை. கடலின் உண்மையான நீலம் தெரியும். மாலையில் நிலைமை மாறும். மேற்கு நோக்கி ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே கதிரவன் இறங்கும்போது, நீரில் பட்டு வரும் ஒளியும் சேர்ந்து கண்ணைத் தாக்கும். இவ்வாறு நீரில் பட்டு மீளும் ஒளி பெரும்பாலும் கிடைத்தளத்தில் மட்டும் அதிர்வதாகும். போலராய்டு கண்ணாடி அணிந்தால் அந்த அதிர்வு தடுக்கப்படும். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 37 பாகை அளவில் இருக்கும்போது இக்கண்ணாடியின் பயன் மிகுதி.

திருப்பத்தில் ஒரு கணக்கு

டார்க்கியிலிருந்து அப்போலோ பே வரையிலான பகுதியில் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து செல்கிறது. அழகான பகுதியும் இதுவே. கவனமாக ஓட்டவேண்டிய பகுதியும் இதுவே.

ஒரு திருப்பத்தின் ஆரம் 60 மீட்டர் எனக் கொள்வோம். காரை வளைவாகத் திருப்ப மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சென்றால் தேவைப்படும் உராய்வு, வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சென்றாலோ எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தேவை. வேகம் ஒன்றரை மடங்கு சற்றே மிஞ்சியது. விசை இரண்டரை மடங்காகிவிட்டது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். உலர்ந்த தார்ச்சாலை எடையில் முக்கால் பங்கு அளவுக்கு உராய்வு தரலாம். மழையில் நனைந்த சாலை பாதியளவு தருவதே பெரிது. ஆகவே 80-இல் செல்லும் வண்டி அத்திருப்பத்தில் சாலையை விட்டு வழுக்கும்.

தனியே ஓட்டுபவருக்கு இருப்பவை இரண்டே கண்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது இரண்டு வினாடி கடல்பக்கம் திரும்பிப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் தூரம் பார்வையின்றி ஓடியிருக்கும். களைப்பில் மூன்று வினாடி கண் அயர்ந்தால் 50 மீட்டர். காட்சியைக் காண வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டும். அதற்காகவே சாலை நெடுகிலும் ஒதுக்கிடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

காரோடு பந்தயம் ஓடும் அலை

டார்க்கிக்குச் சற்று மேற்கே பெல்ஸ் பீச் என்னும் கடற்கரை உள்ளது. அலைமேல் பலகையில் சறுக்கி விளையாடுவோருக்கு உலகப் புகழ் பெற்ற இடம். அங்கே வண்டியை நிறுத்திக் கடிகாரத்தைக் கையில் எடுங்கள். ஓர் அலையின் முகடு வரும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்கிப் பத்தாவது முகடு வரும்வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். 140 வினாடி எனில் ஓர் அலையின் அலைவு நேரம் 14 வினாடி. இந்த ஒரே எண்ணைக் கொண்டு அந்த அலையின் வரலாற்றையே சொல்லிவிடலாம்.

ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது. அலைவு நேரத்தை 1.56-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும், 5.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 14 வினாடி அலை ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 79 கி.மீ. வேகத்தில் செல்லும். நல்ல சாலையில் உங்கள் கார் செல்லும் அதே வேகம்! ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைத்தூரம் 300 மீட்டருக்குச் சற்று மேல்.

ஓடுவது தண்ணீர் அன்று என்பதை மறக்கக் கூடாது. நீர்த்துகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே ஒரு வட்டமிட்டு நின்றுவிடுகிறது. நெற்கதிர்கள் காற்றில் சாயும்போது வயலில் அலை ஓடுகிறது. கதிர்கள் ஓடுவதில்லை அல்லவா? கடலிலும் அப்படித்தான். ஓடுவது ஆற்றல். அதிலும் ஒரு விந்தை. ஆழ்கடலில் ஆற்றல் செல்லும் வேகம் முகடு செல்லும் வேகத்தில் பாதியே. முகடு 79 கி.மீ. வேகத்தில் சென்றாலும் அலைக்கூட்டம் 39 கி.மீ. வேகத்திலேயே நகரும். கூட்டத்தின் பின்புறம் பிறக்கும் முகடு, முன்புறம் வரை ஓடி வந்து மறைந்துவிடும்.

இந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன? பெருங்கடல் சாலையிலிருந்து தென்மேற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை நிலமே இல்லை. அந்தத் தெற்குப் பெருங்கடலில் உலகைச் சுற்றிலும் தடையின்றிக் காற்று வீசுகிறது. 40 பாகைத் தென் அகலாங்கை ஒட்டி ஓயாது வீசும் இக்காற்றை அக்காலக் கப்பலோட்டிகள் 'உறுமும் நாற்பதுகள்' என்று அழைத்தனர். அங்கே 2,000 கி.மீ. தொலைவில் ஒரு புயல் வீசினால் அதன் 14 வினாடி அலைகள் சுமார் 51 மணி நேரத்தில் கரைக்கு வரும். அதே புயலில் பிறந்த 18 வினாடி அலைகள் வேகம் மிகுந்தவை ஆதலால் 40 மணி நேரத்திலேயே வந்துவிடும். நீண்ட அலை முதலில், குறுகிய அலை பின்னர். இந்த இடைவெளியை அளந்தால் புயல் எவ்வளவு தொலைவில் வீசியது என்று கரையில் இருந்தபடியே கணக்கிடலாம்.

1963-இல் வால்டர் மங்க் என்னும் அமெரிக்கக் கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனைப் பெரிய அளவில் செய்து காட்டினர். நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் கடலில் அலைமானிகளை வரிசையாக அமைத்தனர். தென்கடல் புயலில் பிறந்த அலைகள் 10,000 கி.மீ.க்கும் மேல் கடந்து, ஆற்றல் அதிகம் குன்றாமல் வடக்கே சேர்வதை அளந்தறிந்தனர். அங்கே வீசிய புயலைக் காணாமலே, வானம் தெளிந்திருக்கும்போதே, அலை இங்கே வந்து மோதும் என்பது இதன் பொருள்.

தொடுவானமும் ஒரு கப்பலும்

அப்போலோ பேயைக் கடந்ததும் சாலை கடலை விட்டு விலகி, ஆட்வே மலைக்காட்டுக்குள் நுழைகிறது. வானளாவிய யூகலிப்டஸ் மரங்களும் பெரணிச் செடிகளும் நிறைந்த காடு. அங்கிருந்து ஒரு கிளைச்சாலையில் தெற்கே திரும்பினால் கேப் ஆட்வே கலங்கரை விளக்கத்தை அடையலாம். 1848-இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட விளக்கு இது. கோபுரம் 20 மீட்டர் உயரமே. ஆனால் குன்றின்மேல் நிற்பதால் விளக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில் உள்ளது.

தொடுவானம் எவ்வளவு தொலைவு? உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். பூமி உருண்டையாக இருப்பதால் வரும் கணக்கு இது. கடற்கரை மணலில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்குத் தொடுவானம் நாலரை கி.மீ. மட்டுமே. 60 மீட்டர் குன்றின்மேல் நிற்பவருக்கு 28 கி.மீ. 90 மீட்டர் உயரத்திலுள்ள விளக்குக்கு 34 கி.மீ. கப்பல் தளத்தில் 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமிக்கு 11 கி.மீ. இரண்டையும் கூட்டினால், 45 கி.மீ. தொலைவிலேயே மாலுமி விளக்கைக் காணலாம் என்று தெரிகிறது. காற்றில் ஒளி சற்று வளைவதால் இன்னும் சிறிது கூடும்.

ஆனால் இக்கணக்கு வானம் தெளிவாக இருந்தால்தான் செல்லும். 1878 ஜூன் 1-ஆம் நாள் விடியற்காலையில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த 'லாக் ஆர்ட்' என்னும் பாய்க்கப்பல் இக்கரையை நெருங்கியது. மூடுபனி விளக்கையும் மறைத்தது, கரையையும் மறைத்தது. பனி விலகியபோது எதிரே செங்குத்துப் பாறை. அதன் அடியில் நுரைத்துப் பொங்கும் அலை. கப்பலைத் திருப்ப இடமில்லை. அதில் இருந்த 54 பேரில் டாம் பியர்ஸ் என்ற இளம் பயிற்சி மாலுமியும் ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண்ணும் மட்டுமே உயிர் பிழைத்தனர். இருவரையும் அலைகள் பாறைகளுக்கிடையே இருந்த ஒரு குறுகிய குடாவுக்குள் கொண்டு சேர்த்தன. டாம் முதலில் கரையேறி, நீரில் தத்தளித்த ஈவாவை மீட்டார். அந்தக் குடாவுக்கு இன்று கப்பலின் பெயரே வழங்குகிறது.

குடாவுக்குள் சென்றவர் பிழைத்தார். வெளியே பாறையில் மோதிய கப்பல் நொறுங்கியது. இதில் தற்செயல் மட்டும் இல்லை. அடுத்துக் காணப்போகும் இயற்பியலும் இருக்கிறது.

அலை ஏன் முனையைத் தேடுகிறது?

ஆழ்கடலில் அலைக்குத் தரையைப் பற்றிய கவலை இல்லை. ஆழம் அலைநீளத்தில் பாதியாகும்போது, அதாவது நம் 14 வினாடி அலைக்கு ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில், அது தரையை உணரத் தொடங்குகிறது. வேகம் படிப்படியாகக் குறைகிறது. 10 மீட்டர் ஆழத்தில் வேகம் மணிக்கு 36 கி.மீ.; இரண்டரை மீட்டர் ஆழத்தில் 18 கி.மீ. பின்னால் வரும் முகடுகள் நெருங்குகின்றன. அலை உயர்கிறது. முடிவில் உடைகிறது.

கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கு எதிரே ஆழம் குறைவு. இரு பக்கத்துக் குடாக்களில் ஆழம் மிகுதி. ஆகவே அலையின் நடுப்பகுதி முனையருகே முதலில் வேகம் குறைய, மற்றப் பகுதிகள் விரைந்து முன்னேறுகின்றன. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும் அல்லவா? அதுபோல அலைவரிசையும் முனையை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடியில் ஒளி விலகல் அடைவதும் இதே காரணத்தால்தான். ஒரு குவிலென்ஸ் ஒளியைக் குவிப்பது போல நிலமுனை அலையாற்றலைத் தன்மேல் குவித்துக்கொள்கிறது. குடாவில் ஆற்றல் பரவி மெலிகிறது. கரையிலிருந்து நீளும் முனைகளே அதிக அடி வாங்குவது இதனால்தான்.

அந்த அடி எவ்வளவு வலியது? 3 மீட்டர் உயரமும் 13 வினாடி அலைவு நேரமும் கொண்ட கடல் அலைகள், கரையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 57 கிலோவாட் திறனைக் கொண்டு வருகின்றன. அதாவது ஏறத்தாழ 76 குதிரைத்திறன். ஒரு சிறிய காரின் எஞ்சின் முழுத்திறனில் ஓடுவதற்கு இது சமம். கரையோரம் மீட்டருக்கு ஒரு கார் வீதம் வரிசையாக நிறுத்தி, எல்லா எஞ்சின்களையும் முழு மூச்சில் ஓட விட்டுப் பாறையை இடிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? கடல் பொங்கும் நாட்களில் நடப்பது அதுவே.

குகை, பாலம், தூண்

காட்டைக் கடந்து பிரின்ஸ்டவுன் அருகே சாலை மீண்டும் கடலை அடையும்போது பாறையின் தன்மையே மாறியிருக்கும். கிழக்கே கண்டது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணற்பாறையும் களிப்பாறையும். இங்கே இருப்பது மிருதுவான சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில் எண்ணற்ற சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. பின்னர் அது கடல்மட்டத்துக்கு மேல் உயர்த்தப்பட்டது. மழைநீரில் கரைந்துள்ள கரியமில வாயு இதனை மெல்ல மெல்லக் கரைக்கும். விரிசலுக்குள் அலை புகும்போது உள்ளே அகப்படும் காற்று அழுத்தப்பட்டு, ஆப்பு அடித்தாற்போல் பாறையைப் பிளக்கும்.

முனையின் இருபுறமும் இவ்வாறு குகைகள் தோன்றுகின்றன. இரு குகைகளும் நடுவே சந்தித்தால் இயற்கைப் பாலம். பாலத்தின் மேற்கூரை விழுந்தால், கடலில் தனித்து நிற்கும் தூண். தூணின் அடி அரிக்கப்பட்டுச் சாய்ந்தால், அலையில் மூழ்கும் கற்குவியல். 'பன்னிரு அப்போஸ்தலர்' என்னும் பெயரால் உலகம் அறிந்த கடல் தூண்கள் இப்படிப் பிறந்தவையே. கரைப்பாறையின் அடிப்பகுதி ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அரிக்கப்படுவதாகக் கணக்கிட்டுள்ளனர். பனியூழி முடிந்து கடல்மட்டம் இன்றைய உயரத்தை எட்டிச் சுமார் 7,000 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் பெருக்கினால் 140 மீட்டர். பாறையின் வயது கோடி ஆண்டு. தூணின் வயதோ சில ஆயிரம் ஆண்டு மட்டுமே!

பெயர் பன்னிரண்டு என்றாலும் 2005-இன் தொடக்கத்தில் நின்றவை ஒன்பது. அவ்வாண்டு ஜூலை 3-ஆம் நாள் சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண் சில வினாடிகளில் நொறுங்கி வீழ்ந்தது. மிஞ்சியவை எட்டு.

தூண் ஏன் திடீரென்று விழுகிறது? 45 மீட்டர் உயரத் தூணின் பாறை, நீரைப் போல் இரு மடங்கு அடர்த்தி உடையது எனக் கொண்டால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 9 கிலோகிராம் எடையைத் தாங்குகிறது. அடிப்பரப்பு பாதியானால் 18 கிலோகிராம். நசுக்கும் விசையைப் பாறை நன்றாகவே தாங்கும். ஆனால் ஒரு புறம் மட்டும் அதிகம் அரிக்கப்பட்டால் தூணின் எடை மறுபுறத்தின் மேல் சாய்கிறது. ஒரு பக்கம் நசுக்கமும் எதிர்ப்பக்கம் இழுவிசையும் தோன்றுகின்றன. இழுவிசையைப் பாறையால் தாங்க இயலாது. ஒரு சாக்கட்டியை நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள், எளிதில் உடையாது. இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்துங்கள், 'டப்' என்று ஒடியும். வளையும்போது அதன் கீழ்ப்புறம் இழுக்கப்படுவதே காரணம்.

இயற்கைப் பாலத்தின் மேற்கூரைக்கும் இதே விதிதான். போர்ட் கேம்பெல் அருகே 'லண்டன் பிரிட்ஜ்' என்று பெயர் பெற்ற இரட்டை வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. மக்கள் அதன்மேல் நடந்து கடல்முனை வரை சென்று வருவர். 1990 ஜனவரி 15-ஆம் நாள் கரையை ஒட்டிய வளைவு முன்னறிவிப்பின்றி இடிந்தது. அதைக் கடந்து அப்பால் சென்றிருந்த இருவர், திரும்பிவர வழியின்றிக் கடல் நடுவே நின்றனர். ஹெலிகாப்டர் வந்து அவர்களை மீட்டது. நல்வாய்ப்பாக யாருக்கும் காயமில்லை. சில நிமிடம் முன்போ பின்போ நடந்திருந்தால்? 2009 ஜூனில் லாக் ஆர்ட் குடா அருகிலும் ஒரு பாறைப் பாலம் வீழ்ந்து இரு தூண்களாயிற்று. அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயரிட்டுள்ளனர்.

2016-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு செய்தியை அறிவித்தனர். கரையிலிருந்து 6 கி.மீ. தொலைவில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில், கடலடியில் மேலும் ஐந்து தூண்கள் நிற்கின்றன! கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் அன்றைய அலைகள் செதுக்கியவை அவை. கடல் விரைந்து உயர்ந்து மூடிக்கொண்டதால் அலையின் அடியிலிருந்து தப்பி, அழியாமல் நின்றுவிட்டன.

இன்றும் கடல்மட்டம் உயர்கிறது. உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். நீர் உயர்ந்தால் அலை உடையாமல் இன்னும் நெருங்கி வந்து தாக்கும். அப்போலோ பே போன்ற இடங்களில் சாலைக்கும் கடலுக்கும் இடையே பெருங்கற்களைக் குவித்து அரண் அமைத்துள்ளனர். போர்வீரர்கள் பாறையை வெட்டிப் போட்ட சாலையைக் கடலிடமிருந்து காப்பது இந்தத் தலைமுறையின் வேலையாகிவிட்டது.

தனியே செல்பவர் அறியவேண்டியவை

முதலாவது, விளிம்பு. குன்றின்மேல் நிற்பவர் தம் காலுக்கடியில் அலை எவ்வளவு தூரம் குடைந்திருக்கிறது என்பதைக் காண முடியாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கே அது தெரியும். வேலி கட்டியவர்கள் அப்படிப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நல்ல படம் எடுக்க வேண்டும் என்று வேலியைத் தாண்டுபவர், லண்டன் பிரிட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெரிய அலை. அலைகள் எல்லாம் ஒரே உயரமாக வருவதில்லை. பல அலைகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும்போது, முகடும் முகடும் கூடிச் சிலவேளை மிகப் பெரிய அலை எழும். 'இன்று அலை 3 மீட்டர்' என்று வானிலை அறிக்கை சொல்வது, வரும் அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியையே குறிக்கும். கால் மணி நேரம் பாறையருகே நின்று பார்த்தால் 14 வினாடிக்கு ஒன்றாக அறுபதுக்குச் சற்று மேற்பட்ட அலைகள் வரும். அவற்றுள் மிகப் பெரியது நாலே கால் மீட்டர் அளவில் இருக்கும். ஆனால் ஆயிரம் அலைகளில் ஒன்று ஐந்தரை மீட்டரையும் தாண்டும். ஆயிரம் அலைகள் வர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். கால் மணி நேரம் பார்த்துவிட்டு 'இதுவரைதான் தண்ணீர் வரும்' என்று ஈரம் படாத பாறையில் உட்காருபவரை அந்த ஆயிரத்தில் ஒன்று இழுத்துச் செல்கிறது.

மூன்றாவது, இழுப்பு நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து குவிக்கும் நீர் கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல்திட்டின் தாழ்ந்த இடைவெளி வழியே அது ஒரு சிற்றாறு போல் விரைந்து ஓடும். அங்கே அலை உடையாது. நீர் அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாதவரும் 'இதுவே நல்ல இடம்' என்று இறங்கிவிடுவர். வேகம் வினாடிக்கு 2 மீட்டர் வரை போகக்கூடும். நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்த இயலாது. அகப்பட்டவர் பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கச் சொல்வது இதனால்தான்.

இவை ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியவை அல்ல. அதே தெற்குப் பெருங்கடலின் புயல்கள் இந்தியப் பெருங்கடல் வழியாக வடக்கேயும் அலைகளை அனுப்புகின்றன. காற்றும் மழையும் இல்லாத நாளில், எச்சரிக்கை ஏதுமின்றிக் கடல் கரையேறுவதைக் கேரளத்திலும் குமரியிலும் மீனவர் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப் போல் ஓசையின்றி வருவதால் அந்தப் பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில், குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எங்கோ ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் வீசிய புயலின் ஆற்றல், தெளிந்த வானத்தின் கீழ் வந்து சேரும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

பெருங்கடல் சாலையை ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். வழியில் காணும் ஒவ்வொரு தூணும், கடல் செய்து முடித்த சிற்பம் அன்று. செய்துகொண்டிருக்கும் வேலையின் ஒரு நொடி. இன்று நிற்பது நாளை விழும். இன்று முனையாக நீள்வது பின்னர் ஒரு நாள் தூணாகும். அந்த வேலை எந்த விதிப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்கிறார். அடுத்த முறை எந்தக் கடற்கரைக்குச் சென்றாலும் நீரில் கால் வைக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து அலைகளை எண்ணுங்கள். இடைவெளி நீண்டிருந்தால், அந்த அலை வெகுதூரம் கடந்து, வேகமும் வலிமையும் கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அன்று சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது.